முள்ளைச் சூழ்ந்த அணுக்கள்

இத்தாலிக்குத் தெற்கே சிசிலி என்று ஒரு தீவு. அந்தத் தீவில் மெசினா என்று ஒரு கடற்கரைப் பட்டினம். 1882-ம் ஆண்டு டிசம்பர் மாதம்.

அன்று அந்த வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். குரங்குகள் வித்தை காட்டும் சர்க்கஸ். சிறுவர் சிறுமியருக்கு ஒரே குதூகலம்! வீட்டில் ஒருவர் மட்டும் தங்கிவிட்டார். வயது முப்பத்தேழு. தாடி வைத்தவர். அவர் முன்னே மேஜையில் மைக்ராஸ்கோப் இருந்தது. கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி அது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் குஞ்சு. அதன் உடம்பு கண்ணாடி போன்றது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அந்த உடம்புக்குள் சில அணுக்கள் தாமாகவே ஊர்ந்து திரிந்தன.

திடீரென்று அவர் மனத்தில் ஓர் எண்ணம் மின்னியது. இந்த அணுக்கள் சும்மா திரியவில்லையோ? உடம்பைக் காவல் காக்கும் சிப்பாய்களோ இவை?

நம் விரலில் முள் தைத்தால் அந்த இடம் வீங்குகிறது, சிவக்கிறது, சீழ் கட்டுகிறது. இந்தச் சின்னஞ்சிறு பிராணிக்கு முள் தைத்தால் என்ன ஆகும்?

அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைக் கிள்ளி வந்தார். நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் அவற்றைச் செருகினார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் பெயர் இலியா மெச்னிகோவ்.

பாதரசம்

மெச்னிகோவ் 1845-ம் ஆண்டு மே மாதம் பிறந்தார். கார்கோவ் நகருக்கு அருகில் உள்ள ஒரு கிராமம் அவருடைய ஊர். அப்போது ருஷ்ய சாம்ராஜ்யத்தில் இருந்த அந்தப் பகுதி, இப்போது உக்ரேன் நாட்டில் இருக்கிறது. தகப்பனார் ராணுவ அதிகாரி. ஐந்து குழந்தைகளில் இவர் கடைக்குட்டி.

ஓர் இடத்தில் நில்லாத பையன் என்பதால் வீட்டில் அவனைப் பாதரசம் என்று அழைத்தார்கள். செடி கொடிகளையும் பூச்சிகளையும் பற்றி அவனே பிரசங்கம் செய்வான். கேட்க ஆள் வேண்டுமே! அண்ணன்மாருக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தன் கைக்காசைக் கொடுத்து உட்கார வைப்பானாம்.

டாக்டருக்குப் படிக்க அவனுக்கு ஆசை. தாயார் வேண்டாம் என்று தடுத்தார். பிறர் துன்பத்தைக் கண்டு தாங்காத மனம் இவனுக்கு, நோயாளிகளுக்கு நடுவே எப்படி இருப்பான் என்று தாயார் கவலைப்பட்டார். ஆகவே பிராணிகளைப் பற்றிப் படித்தான். கார்கோவ் பல்கலைக் கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்துவிட்டான்!

டாக்டர் ஆகாத இந்த மனிதருக்குத்தான் பிற்காலத்தில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

படிப்பு முடிந்து ஜெர்மனிக்குப் போனார். அங்கே 1865-ம் ஆண்டு, தட்டைப் புழு ஒன்றைப் பார்த்தபோது ஓர் அதிசயத்தைக் கண்டார். அந்தப் புழு உண்ட இரையை அதன் உடம்பிலுள்ள அணுக்களே விழுங்கிச் செரித்தன. அணு என்பது வெறும் செங்கல் அல்ல, அதற்கும் சாப்பிடத் தெரியும்! இந்தக் காட்சி அவர் மனத்தில் தங்கிவிட்டது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அது பயன் தந்தது.

நாற்காலியில் வந்த மணமகள்

1869-ம் ஆண்டு லுத்மிலா என்ற பெண்ணை மெச்னிகோவ் மணந்தார். மணமகளுக்குக் காசநோய். கோவிலுக்கு நடந்து போகக்கூட அவருக்குச் சக்தி இல்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அப்படித்தான் கல்யாணம் நடந்தது.

நான்கு ஆண்டுகள் மனைவியைக் காப்பாற்றப் போராடினார். இதமான காற்றை நாடி ஊர் ஊராக அழைத்துப் போனார். பலன் இல்லை. 1873-ம் ஆண்டு மதீராத் தீவில் லுத்மிலா கண்ணை மூடினார்.

மெச்னிகோவுக்கு உலகமே இருண்டுவிட்டது. கண் பார்வையும் மங்கிக்கொண்டிருந்த சமயம் அது. மனம் உடைந்து, தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். நல்ல வேளையாகப் பிழைத்தார். பிறகு ஒரு மாலையில் விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைக் கண்டார். இத்தனை குறுகிய வாழ்வு வாழும் பூச்சி, தன் இனத்தை எப்படிக் காத்துக்கொள்கிறது? இந்தக் கேள்வி எழுந்ததுமே விஞ்ஞானி விழித்துக்கொண்டார். மீண்டும் வேலையில் இறங்கினார்.

1875-ம் ஆண்டு ஓல்கா என்ற பெண்ணை இரண்டாந்தாரமாக மணந்தார். ஓல்கா கடைசி வரை அவருக்குத் துணையாக இருந்தார். கணவரின் வாழ்க்கை வரலாற்றைப் பின்னாளில் எழுதியவரும் அவரே.

ஒடெஸ்ஸா நகரப் பல்கலைக் கழகத்தில் மெச்னிகோவ் பேராசிரியராக இருந்தார். 1881-ம் ஆண்டு ருஷ்யச் சக்கரவர்த்தி கொலையுண்டார். அதன்பின் கல்லூரிகளில் குழப்பமும் கெடுபிடியும் மிகுந்தன. 1882-ம் ஆண்டு மெச்னிகோவ் வேலையை உதறிவிட்டார். ஓல்காவையும், தாய் தந்தையை இழந்த ஓல்காவின் தம்பி தங்கைகளையும் அழைத்துக்கொண்டு மெசினாவுக்கு வந்தார். சர்க்கஸுக்குப் போனவர்கள் அவர்கள்தான்.

மறுநாள் காலை

பொழுது விடிந்தது. மெச்னிகோவ் ஓடிப்போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

முள்ளைச் சுற்றிலும் அணுக்கள் கூடி நின்றன! வேலி போட்டதுபோல் முள்ளை வளைத்துக்கொண்டிருந்தன.

அந்தப் பிராணிக்கு ரத்தக் குழாய் கிடையாது. ஆனாலும் பகை நுழைந்த இடத்துக்கு அணுக்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. வீக்கமும் சிவப்பும் கொண்ட அழற்சி என்பது வெறும் நோய் அல்ல, உடம்பு நடத்தும் போர் என்று மெச்னிகோவ் கண்டார்.

அக்காலத்து டாக்டர்கள் வேறு விதமாக நினைத்தார்கள். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்து போய் உடம்பு முழுவதும் பரப்புகின்றன என்பது அவர்கள் எண்ணம். காவல்காரனைத் திருடனின் கூட்டாளி என்று கருதினார்கள்!

ஜெர்மன் நாட்டுப் பெரிய வைத்திய நிபுணர் விர்க்கோ அப்போது மெசினாவுக்கு வந்திருந்தார். மெச்னிகோவ் காட்டியதைப் பார்த்து ஊக்கம் கொடுத்தார். ஆனால் எதிர்ப்பு வரும், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் எச்சரித்தார்.

வியன்னா நகரப் பேராசிரியர்கள் இந்த அணுக்களுக்குக் கிரேக்க மொழியில் பெயர் தேடிக் கொடுத்தார்கள். விழுங்கும் அணு என்று அதற்குப் பொருள். அவற்றில் பெரியவற்றுக்கு மெச்னிகோவ் மாக்ரோபேஜ் என்று பெயர் வைத்தார். பெருந்தீனிக்காரன் என்று பொருள். இந்தப் பெருந்தீனிக்காரனின் கதையே இனி நாம் காணப்போகும் கதை.

பாரிசில் புகலிடம்

1884-ம் ஆண்டு நீர்த்தெள்ளு என்ற சிறு பிராணியில் இன்னொரு சாட்சி கிடைத்தது. ஊசி போன்ற காளான் வித்துக்கள் அதன் குடலைத் துளைத்து உள்ளே வந்தன. விழுங்கும் அணுக்கள் பாய்ந்து அவற்றைத் தின்றன. அணுக்கள் வென்றால் பிராணி பிழைத்தது; தோற்றால் செத்தது.

1886-ம் ஆண்டு ஒடெஸ்ஸாவில் ஏற்பட்ட கிருமி ஆராய்ச்சி நிலையத்துக்கு மெச்னிகோவ் தலைவரானார். ஆனால் அவர் டாக்டர் அல்லவே! உள்ளூர் வைத்தியர்கள் தொல்லை கொடுத்தார்கள். 1888-ம் ஆண்டு பாரிசுக்குப் போனார். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர் அவரை அன்போடு வரவேற்று, தம் நிலையத்தில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை ஒதுக்கித் தந்தார். அங்கே மெச்னிகோவ் இருபத்தெட்டு ஆண்டுகள், அதாவது சாகும் வரை உழைத்தார்.

ஒடெஸ்ஸாவில் அவரிடம் படித்த ஹாஃப்கின் என்பவரும் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். காலராவுக்குத் தடுப்பு மருந்து செய்து, 1893-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து ஊசி போட்டவர் இவரே. 1897-ம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய்க்கும் தடுப்பு மருந்து கண்டார்.

இதற்கிடையே விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டை மூண்டது. கிருமியைக் கொல்வது ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள்களே, அணுக்கள் அல்ல என்று ஜெர்மன் நிபுணர்கள் வாதாடினார்கள். மெச்னிகோவ் விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்டுக் கணக்கில் சண்டை நடந்தது. கடைசியில் இரண்டும் உண்மை என்று தெரிந்தது. 1908-ம் ஆண்டு நோபல் பரிசை மெச்னிகோவுக்கும், எதிர்க்கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக் என்ற ஜெர்மானியருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்!

காவலன் மாறுவானா?

வயதாக ஆக, மெச்னிகோவின் மனத்தை வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. மனிதனுக்கு மூப்பு ஏன் வருகிறது? ரத்தக் குழாய்கள் ஏன் தடித்து இறுகுகின்றன?

அவர் சொன்ன விடை துணிச்சலானது. நம்மைக் காக்கும் அதே பெருந்தீனிக்காரர்கள், முதுமையில் நம்மையே தின்னத் தொடங்குகிறார்கள் என்றார். அவர்களைத் திசை திருப்புவது எது? பெருங்குடலில் வாழும் கிருமிகள் உண்டாக்கும் விஷம் என்றார். அந்தக் கிருமிகளை அடக்கத் தயிர் நல்லது என்று தாமே தினந்தோறும் புளித்த பாலைச் சாப்பிட்டார். ஐரோப்பாவில் தயிருக்குத் திடீர் மவுசு வந்தது!

காவலன் பகைவனாக மாறலாம் என்று அவர் சொன்னதில் உண்மை இருந்தது. மாற்றுவது எது என்பதில்தான் அவர் தடம் தவறினார்.

மெச்னிகோவின் கருத்தை ஒட்டி, ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் இக்னாதோவ்ஸ்கி என்பவர் 1908-ம் ஆண்டு வாக்கில் ஒரு சோதனை செய்தார். முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் கொடுத்தார். முயல்களின் ரத்தக் குழாய்கள் தடித்தன. இறைச்சியிலுள்ள புரதமே காரணம் என்று அவர் எண்ணினார். பிறகு வேறு சிலர், குற்றவாளி முட்டையின் மஞ்சள் கரு என்று கண்டார்கள்.

1913-ம் ஆண்டு அதே ஊரில் அனிச்கோவ், ஹலாதோவ் என்ற இரு இளைஞர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். மஞ்சள் கருவிலிருந்து கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பை மட்டும் பிரித்தார்கள். அதைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்தது. அந்த இடத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, கொழுப்புத் துளிகள் நிறைந்து நுரை பொங்கியது போன்ற அணுக்கள் தெரிந்தன.

அந்த நுரை அணுக்கள் யார்? பெரும்பாலும் மெச்னிகோவின் பெருந்தீனிக்காரர்களே!

கடைசி நாட்கள்

1914-ம் ஆண்டு முதல் உலக யுத்தம் மூண்டது. ஆராய்ச்சிக்கூடத்து இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள். உயிரைக் காக்கும் வழி தேடிய கிழவருக்கு அது பெரும் வேதனை. இதயநோயும் அவரை வாட்டியது. தம் நோயையும் ஒரு சோதனை போலவே கவனித்துக் குறித்து வைத்தார்.

1916-ம் ஆண்டு ஜூலை மாதம் பாரிசில் மெச்னிகோவ் காலமானார். அவருக்கு வயது எழுபத்தொன்று. நூறு வயதுக்கு மேலும் மனிதன் வாழலாம் என்று நம்பியவரை இதயநோய் கொண்டு போய்விட்டது.

அவர் காணாத பாதி

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். கதையின் மறுபாதி மெல்ல மெல்லத் தெரிய வந்தது.

கொலஸ்ட்ரால் விஷம் அல்ல. நம் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்கும் சுவர் எழுப்ப அது வேண்டும். தேவையானதில் பெரும் பகுதியை நம் உடம்பே செய்துகொள்கிறது. ஆகவே முயலுக்கு நேர்ந்தது அப்படியே மனிதனுக்கு நேராது. ஆனால் ரத்தத்தில் அது மிகுந்தால், ரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கிக் கெட்டுப்போகிறது.

கெட்டுப்போன பொருளைக் கண்டால் பெருந்தீனிக்காரன் சும்மா இருப்பானா? விழுங்குகிறான். மற்ற அணுக்கள் தேவையானதை எடுத்துக்கொண்டதும் வாசலைச் சாத்திவிடும். பெருந்தீனிக்காரன் குப்பையை வாங்கும் வாசலோ சாத்தப்படுவதே இல்லை. பிரவுன், கோல்டுஸ்டீன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1970-களில் இதைக் கண்டார்கள். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக 1985-ம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரையை எரிப்பதுபோல் கொலஸ்ட்ராலை எரித்துத் தீர்க்க அணுவால் முடியாது. வெளியே தள்ளத்தான் வேண்டும். நல்ல கொழுப்பு என்று டாக்டர்கள் சொல்லும் வண்டி வந்து, அதை ஏற்றிக் கல்லீரலுக்குக் கொண்டு போகும்.

வெளியே தள்ளும் வாசல் அடைபட்டால்? அமெரிக்காவின் டேன்ஜியர் தீவில் ஒரு சிறுவனுக்குத் தொண்டைச் சதை ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது. 1961-ம் ஆண்டு இந்த நோயைப் பற்றி வெளியிட்டார்கள். அந்தச் சதையிலிருந்த பெருந்தீனி அணுக்களில் கொலஸ்ட்ரால் நிரம்பி வழிந்தது. ரத்தத்தில் நல்ல கொழுப்பு ஏறக்குறைய இல்லை. வெளியே தள்ளும் வாசலின் பழுதே காரணம் என்று 1999-ம் ஆண்டுதான் தெரிந்தது.

உள்ளே தேங்கிய கொலஸ்ட்ரால் நாளடைவில் ஊசி போன்ற பளிங்குத் துகளாகிறது. அது அணுவை உள்ளிருந்தே குத்துகிறது. குத்துப்பட்ட அணு அபாயச் சங்கை ஊதுகிறது. அதைக் கேட்டு மேலும் காவலர்கள் ஓடி வருகிறார்கள். அவர்களும் விழுங்குகிறார்கள், அவர்களும் நுரைத்துப் போகிறார்கள். அணையாத அழற்சி இப்படித்தான் தொடங்குகிறது. 2010-ம் ஆண்டு விஞ்ஞானிகள் இதை எடுத்துக் காட்டினார்கள்.

கொழுப்புக்குள் முளைத்த முள்

உடல் பருமனுக்கும் இந்தக் காவலனுக்கும் என்ன சம்பந்தம்?

தொந்தி என்றால் வெறும் கொழுப்பு மூட்டை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2003-ம் ஆண்டு அமெரிக்காவில் இரு குழுவினர், பருத்த உடம்பின் கொழுப்புக்குள் பெருந்தீனிக்காரர்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பதைக் கண்டார்கள். மெலிந்த உடம்பின் கொழுப்பில் நூறு அணுக்களுக்குப் பத்துக்கும் குறைவாகவே அவர்கள் இருந்தார்கள். மிகவும் பருத்தவர்களிடம் நூற்றுக்கு நாற்பது வரை இருந்தார்கள்!

அவர்களுக்கு அங்கே என்ன வேலை? 2005-ம் ஆண்டு அது தெளிவாயிற்று. கொழுப்பைச் சேர்த்து வைக்கும் அணு அளவுக்கு மீறி உப்பி, ஒரு கட்டத்தில் செத்துவிடுகிறது. செத்த அணுவைச் சுற்றிலும் பெருந்தீனிக்காரர்கள் கிரீடம் போல வளைத்து நிற்கிறார்கள். சிந்திய கொழுப்பை விழுங்குகிறார்கள்.

மெசினாவில் மெச்னிகோவ் கண்ட அதே காட்சி! அங்கே ரோஜா முள் வெளியிலிருந்து வந்தது. பருத்த உடம்பில் முள் உள்ளேயே முளைக்கிறது.

விரலில் தைத்த முள்ளை எடுத்துவிட்டால் வீக்கம் வடிந்துவிடும். கொழுப்பில் முளைத்த முள்ளோ நாள்தோறும் புதிதாக முளைக்கும். ஆகவே போர் ஓய்வதில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் அபாயச் சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது. அதன் ஒலி ரத்தத்தின் வழியே தசைக்கும் கல்லீரலுக்கும் போகிறது. அங்கே இன்சுலின் என்ற சுரப்பின் சொல் எடுபடாமல் போகிறது. சர்க்கரை நோய்க்கு வழி திறக்கிறது.

காவலனை நீக்கலாமா?

காவலன்தான் தொல்லை என்றால் அவன் வாயை அடைத்துவிட்டால் என்ன? இதையும் சோதித்துப் பார்த்தார்கள். மாரடைப்பு கண்டு பிழைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நடந்த பெரிய சோதனை அது. அபாயச் சங்குகளில் ஒன்றை அடக்கும் ஊசியைச் சிலருக்கும், வெறும் ஊசியை மற்றவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டார்கள். 2017-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது.

மருந்து ஊசி போட்டுக்கொண்டவர்களின் கொலஸ்ட்ரால் குறையவில்லை. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை குறைந்தன. அழற்சியே இதயத்தைக் கெடுக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் இன்னொரு பக்கம், கிருமி தொற்றிச் செத்தவர்களின் தொகை சிறிது கூடியது. காவலன் ஓய்ந்திருந்த நேரத்தில் திருடன் நுழைந்துவிட்டான்!

ஆகவே காவலனை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவன் தலையிலுள்ள சுமையைத்தான் இறக்க வேண்டும். எடையைக் குறைத்துக்கொண்டவர்களின் கொழுப்பில் இந்த அணுக்களின் கூட்டமும் குறைந்திருந்ததை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். அளவான சாப்பாடு, தினசரி நடை, தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் மருந்து: இவை எல்லாம் அந்தச் சுமையை இறக்கும் வழிகளே.

மெச்னிகோவின் அஸ்திக் கலசம் பாரிசில், அவர் உழைத்த பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது. நம்மைக் காக்கும் அணுவை உலகுக்குக் காட்டியவர் அவர். அந்த அணுவே நம்மைக் கெடுக்கவும் கூடும் என்று முதலில் சந்தேகித்தவரும் அவர். அது கெடுவது ஏன் என்பதை மட்டும் அவர் அறியவில்லை. அதை அறிந்துகொண்ட நாம், அந்தக் காவலனுக்கு இரவு பகலாகக் குப்பை சுமக்கும் வேலை கொடுக்காமல் இருக்கலாம் அல்லவா?